விமான நிலையத்தில் இரவு தங்க நேரிடும் நோயாளிகள்: கைப்பையில் இருக்க வேண்டியவை

கோயம்புத்தூர் பீளமேடு விமான நிலையத்திலிருந்து ஷார்ஜா, சிங்கப்பூர் போன்ற சில வெளிநாட்டு நகரங்களுக்கு மட்டுமே நேரடி விமானங்கள் உள்ளன. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா செல்லும் கொங்கு மண்டலத்துப் பயணிகள் அந்நகரங்களிலோ, சென்னை, மும்பை, தில்லி போன்ற இடங்களிலோ விமானம் மாற வேண்டும். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான் என்றால், ஓர் இரவை விமான நிலையத்திலேயே கழிக்க நேரிடும். உடல்நலம் உள்ளவருக்கு இது உறக்கமற்ற ஓர் இரவு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றிற்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்பவருக்கோ, மருந்து கையில் இல்லாவிடில் அதே இரவு ஆபத்தாக முடியலாம்.

பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் பெற்றோரும், அவர்களை வழியனுப்பும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

இடைத்தங்கல் இரவில் நேரும் சிக்கல் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பொள்ளாச்சியைச் சேர்ந்த 68 வயது அம்மையார் ஒருவர், ஆஸ்திரேலியாவில் உள்ள மகளைக் காண சிங்கப்பூர் வழியாகச் செல்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு 15 ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளது. பை கனமாக இருக்கிறது என்று கருதி, இன்சுலினையும் மாத்திரைகளையும் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டார்கள். முழுப் பயணத்திற்கும் ஒரே பயணச்சீட்டு என்பதால், கோயம்புத்தூரில் ஒப்படைத்த பெட்டி பெரும்பாலும் இறுதி நகரத்தில்தான் மீண்டும் கைக்குக் கிடைக்கும். இடையில் உள்ள இரவில் பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். அதைத் திறந்து மருந்து எடுக்க இயலாது.

நுழைவு அனுமதி இல்லாத பயணி விமான நிலையத்தை விட்டு வெளியே செல்லவும் முடியாது. உள்ளே மருந்துக் கடை இருந்தாலும், இந்தியாவில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டைக் காட்டி இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ வாங்குவது எளிதன்று. ஆகவே அந்த இரவில் அவருக்குக் கையில் இருக்கும் மருந்து மட்டுமே மருந்து.

எத்தனை நாளுக்கான மருந்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஓர் இரவுதானே என்று ஒரு வேளை மருந்தை மட்டும் எடுத்துச் செல்லுதல் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கி விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த பெருமழையால் துபாய் விமான நிலையத்தில் பயணிகள் பலர் நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஓர் இரவு என எண்ணிய தங்கல் மூன்று இரவுகளாக நீளக்கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

- உயிர்காக்கும் மருந்துகளும் ஒரு வேளைகூடத் தவறக்கூடாத மருந்துகளும் முழுப் பயணக் காலத்திற்கும் தேவையான அளவு கைப்பையில் இருத்தல் நலம். இன்சுலின், வலிப்பு மருந்துகள், இதய மருந்துகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரைகள், உறுப்பு மாற்று அறுவை செய்தோருக்கான மருந்துகள் ஆகியவை இவ்வகையின.
- மாதக்கணக்கில் தங்குவோருக்கு எல்லா மருந்தும் கைப்பையில் அடங்காவிடில், குறைந்தது 7 நாட்களுக்கானதைக் கையிலும் எஞ்சியதைப் பெட்டியிலும் வைக்கலாம். இன்சுலினைப் பிரித்துப் பெட்டியில் வைக்கவே கூடாது.
- அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மருந்து பெறுவோர், பயணத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவ அலுவலரிடம் பயண நாட்களைத் தெரிவித்து ஆலோசனை பெற வேண்டும்.

பையை எவ்வாறு பிரித்து அடுக்குவது?

பெரும்பாலான இந்திய விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் 7 கிலோ எடையுள்ள ஒரு கைப்பையை அனுமதிக்கின்றன. எனினும் விமானம் நிரம்பியிருந்தால், ஏறும் வாயிலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவதுண்டு. மருந்தைக் கைப்பையில் வைத்தவர்களும் அதை இழப்பது இத்தருணத்தில்தான். எனவே மருந்துகளைக் கைப்பைக்குள் தனியாக எடுக்கக்கூடிய ஒரு சிறு பையில் வையுங்கள். கைப்பையை ஒப்படைக்க நேர்ந்தாலும் இச்சிறு பை உங்களிடமே இருக்க வேண்டும்.

*முதல் அடுக்கு: உடலை விட்டு நீங்காதவை.* கழுத்திலோ இடுப்பிலோ அணியும் சிறு பையில் கடவுச்சீட்டு, போர்டிங் பாஸ், நோய் விவரச் சீட்டு, அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்குமான மாத்திரைகள், குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம், இன்ஹேலர், நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவை இருக்கட்டும். கழிவறைக்குச் செல்லும்போதும் உறங்கும்போதும் இதைக் கழற்றக் கூடாது.

*இரண்டாம் அடுக்கு: மருந்துப் பை.* எஞ்சிய மருந்துகள், இன்சுலின் பேனா, ஊசிகள், குளுக்கோமீட்டர், பரிசோதனைப் பட்டைகள், இரத்த அழுத்தமானி, டிஜிட்டல் வெப்பமானி, மருத்துவரின் கடிதம் ஆகியவை. பாதரச வெப்பமானியைத் தவிர்க்கவும். பயன்படுத்திய ஊசிகளைப் போட, மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் தேவை.

*மூன்றாம் அடுக்கு: இரவைக் கழிக்க உதவுபவை.* ஒரு மாற்றுடை, உள்ளாடைகள், பல் துலக்கும் பொருட்கள், மூக்குக் கண்ணாடி, செவித்துணைக் கருவியின் மாற்று பேட்டரி, செல்பேசி சார்ஜர், காலுறை, மெல்லிய சால்வை அல்லது போர்வை. விமான நிலையக் குளிர்சாதனம் நள்ளிரவில் முதியோருக்கும் ஆஸ்துமா உள்ளோருக்கும் தாங்க இயலாததாக இருக்கும். சிறுநீர் அடக்க இயலாதோர் இரவுக்கும் விமானத்திற்குமான டயப்பர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து அட்டைகளும் ஆவணங்களும்

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பொட்டலமாக மடித்துக் கொண்டு செல்வது நம்மிடையே உள்ள வழக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் இது கூடாது. அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் வேதிப்பெயரும் காலாவதி நாளுமே அது என்ன மருந்து என்பதற்கான சான்று. அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் அட்டைகளிலும் அப்பெயர் உள்ளது. பெயருள்ள பகுதி கடைசிவரை எஞ்சியிருக்குமாறு, அட்டையின் மறு முனையிலிருந்து மாத்திரைகளை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பெறுங்கள். அதில் நோய், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம், ஊசி எடுத்துச் செல்ல வேண்டிய தேவை, ஒவ்வாமை ஆகியவை இருக்க வேண்டும். பெயர் பொருத்தத்தில் தனிக் கவனம் தேவை. நம் ஊர் புறநோயாளிச் சீட்டுகளில் முன்னெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கும்; கடவுச்சீட்டிலோ தந்தை அல்லது கணவர் பெயர் விரிவாக இருக்கும். இரண்டும் வெவ்வேறு நபர்கள் எனச் சோதனை அலுவலர் ஐயுறக்கூடும். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கடிதத்தின் படத்தைச் செல்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மருந்துகளுக்கு முன் அனுமதி தேவை. டிரமடால், கோடீன் கலந்த வலி மற்றும் இருமல் மருந்துகள், அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவற்றை ஐக்கிய அரபு அமீரகத்திற்கோ சிங்கப்பூருக்கோ அனுமதியின்றிக் கொண்டு செல்வது குற்றமாகக் கருதப்படலாம். விமானம் மாறுவதற்காக மட்டுமே அங்கு இறங்குவோரும் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலினை எவ்வாறு எடுத்துச் செல்வது?

இன்சுலினுக்கு வெப்பம் மட்டுமே பகை என்று பலர் கருதுகின்றனர். உறைநிலைக் குளிரும் அதைக் கெடுத்துவிடும். உறைந்து மீண்டும் உருகிய இன்சுலின் பார்வைக்கு மாற்றமின்றித் தோன்றலாம். ஆனால் அதை நம்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சரக்கறைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பதற்கு, பெட்டி வழிதவறும் அச்சத்துடன் இதுவும் ஒரு காரணம்.

- திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவோ குப்பியோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரங்கள் கெடாது. உங்கள் மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.
- எனவே குளிரூட்டப்பட்ட விமான நிலையத்தில் ஓர் இரவுக்காகப் பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பனிக்கட்டியில் புதைக்கத் தேவையில்லை.
- திறக்காத இன்சுலினுக்குக் குளிர் ஜெல் பையைப் பயன்படுத்தினால், அதைத் துணியால் சுற்றி, இன்சுலினை நேராகத் தொடாதவாறு வையுங்கள்.
- விமான நிலையம் செல்லும் வழியில், வெயிலில் நிறுத்திய காரினுள் மருந்துப் பையை விட்டுச் செல்லாதீர்கள்.

மருந்து நேரமும் உணவு நேரமும்

ஷார்ஜா நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முந்தியது. இடைத்தங்கல் முடியும்வரை கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்து, அன்றாட மாத்திரைகளை அந்நேரப்படி உட்கொள்வது பலருக்கும் குழப்பத்தைத் தவிர்க்கும். இறுதி நகரம் சேர்ந்தபின் நேரத்தை எவ்வாறு மாற்றுவது, நெடுநேரம் செயல்படும் இன்சுலின் அளவை எவ்வாறு சரிசெய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரு மடங்காக உட்கொள்ளாதீர்கள்.

இந்த இரவில் தாழ் சர்க்கரை நிலைக்குத் தனிக் கவனம் தேவை. வழக்கமான நேரம் என்று இன்சுலினைப் போட்டுவிட்டு, உணவகத்தைத் தேடி நெடுந்தொலைவு நடந்தால் சர்க்கரை விரைவாகக் குறையும். உணவு கைக்கு வந்த பின்னரே உணவுக்கு முன் போடும் இன்சுலினைப் போடுங்கள். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை தாழ் சர்க்கரையின் அறிகுறிகள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, பரிசோதிக்க இயலாவிட்டாலோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை உட்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். குறைவாகவே இருந்தால் மீண்டும் அதே அளவு உட்கொண்டு, பின்னர் உணவருந்துங்கள். மயக்கமுற்றவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எந்த உணவை எடுத்துச் செல்லலாம்?

வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு செல்வது நம் வழக்கம். இவை கோயம்புத்தூரில் விமானம் ஏறும்வரை உண்ண ஏற்றவை. பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். இரவுக்கு வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, பிஸ்கட், பொட்டலமிட்ட உலர் உணவுகள் போதும். சிறுநீரக நோயாளிகள் உப்பிட்ட கடலை வகைகளைத் தவிர்த்து, தமக்கு அறிவுறுத்தப்பட்ட உணவையே கொள்ள வேண்டும். இறங்கும் நாட்டில் உணவுப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். எஞ்சியதை அங்கு இறங்குமுன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

கழிவறை தேட வேண்டியிருக்குமே என்று நீர் அருந்தாமல் இருப்பதும், நீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், அடிக்கடி காணப்படும் தவறுகள். வெற்று நீர்க்குப்பியைக் கொண்டு சென்று, சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோயால் நீர் அளவு வரையறுக்கப்பட்டோர் அவ்வரையறையை மீறக்கூடாது.

பாதுகாப்புச் சோதனையில் கவனிக்க வேண்டியவை

- வெளிநாட்டு விமானங்களில் திரவங்கள் 100 மில்லி கொள்ளளவுக்கு மேற்படாத குப்பிகளில் இருக்க வேண்டும். அவை அனைத்தும் ஒரு லிட்டர் அளவுள்ள ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பயணத்திற்குத் தேவையான திரவ மருந்துகளுக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. அவற்றை மறைக்காமல் தனியே எடுத்துக் காட்டுங்கள்.
- தயிர், ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவையும் திரவமாகவே கருதப்படும்.
- காங்கேயம் பகுதியிலிருந்து பலரும் கொண்டு செல்ல விரும்பும் கொப்பரை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் கைப்பையிலும் பெட்டியிலும் அனுமதி இல்லை.
- கசகசாவும் அது கலந்த மசாலாவும் ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்டவை.
- பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும்.
- பேஸ்மேக்கர் பொருத்தியோர் அதற்கான அட்டையைக் காட்டிச் சோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். இன்சுலின் பம்ப் அணிந்தோர் அதன் உற்பத்தியாளர் குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.
- சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமானத்தில் கொண்டு செல்ல இயலாது. ஆக்சிஜன் செறிவூட்டும் கருவிக்கும் சக்கர நாற்காலிக்கும் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பு விமான நிறுவனத்திடம் தெரிவியுங்கள்.

இரவைக் கழிக்கும் முறை

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து செய்யும் பயணம், கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. பெரும்பாலோருக்கு இது மிக அரிது; ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே ஏற்படும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தோர், கர்ப்பிணிகள், புற்றுநோயாளிகள், முன்பு இரத்த உறைவு ஏற்பட்டோர் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். விமானத்தில் அமர்ந்த களைப்புடன் நிலையத்திலும் இரவு முழுவதும் நாற்காலியிலேயே அமர்ந்திருக்காதீர்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை நடங்கள். அமர்ந்திருக்கையில் கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். அது தடுமாறி விழவும், விமானத்தைத் தவறவிடவும் காரணமாகலாம்.

தனியே செல்லும் பெற்றோருக்காகக் குடும்பத்தினர் செய்ய வேண்டியது

நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, பேசும் மொழி தமிழ், தொடர்பு கொள்ள வேண்டிய இருவரின் செல்பேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் எழுதிக் கழுத்துப் பையில் வையுங்கள். எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தாருங்கள். பயணத்திற்கு முந்தைய நாள், மருந்துப் பையை அவர்களே திறந்து, இரவு மருந்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாம் அடுக்கிய பையில் பொருள் எங்குள்ளது என்பது நமக்குத்தான் தெரியும். அந்த இரவில் அதைத் திறக்கப்போவது அவர்கள்.

எப்போது உடனே உதவி கோர வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், சர்க்கரை உட்கொண்டும் தெளியாத குழப்பம், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். அருகிலுள்ள விமான நிலையப் பணியாளரிடம் மருந்து அட்டையைக் காட்டுங்கள். இந்தியாவில் 108, சிங்கப்பூரில் 995, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998 ஆகியவை அவசர ஊர்தி எண்கள்.

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது அறுவை சிகிச்சை ஏற்பட்டோரும், 28 வாரங்கள் கடந்த கர்ப்பிணிகளும், பயணச்சீட்டு பதிவு செய்யும் முன்பே மருத்துவரை அணுகிப் பயணத் தகுதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். இயன்றவரை இரவுத் தங்கல் இல்லாத பயண வழியைத் தேர்ந்தெடுங்கள். ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.